வேப்பங்கன்றுக்குத் தண்ணி ஊத்திக் கொல்லாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும், ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

நம்ம கோயில்களில் நடுகிற வேப்பங்கன்றுகளை நாமேதான் கொல்கிறோம். வெயில் கொல்லவில்லை, பூச்சி கொல்லவில்லை. "கண்ணு பட்டுடுச்சு"ன்னு சொல்றதெல்லாம் சும்மா. முதல் மாதம் பக்தியோடு தண்ணீரில் மூழ்கடிக்கிறோம். நாலாவது மாதம், மழை குறையும்போது, அந்தப் பக்கமே யாரும் போவதில்லை. செத்த பிறகு "இந்த மண்ணுக்கு வேம்பு வராதுங்க" என்று மண் மேல் பழி போட்டுவிட்டு, அடுத்த தைப்பூசத்துக்கு ஒரு டத்தோவைக் கூப்பிட்டு அதே குழியில் இன்னொரு கன்று நடுகிறோம். பெயர்ப்பலகை மட்டும் புதுசு. பல கோயில்களில் அந்தப் பலகைக்கு ஆகும் செலவு கன்றின் விலையைவிட அதிகம், கவனிச்சிருக்கீங்களா?

எங்கள் கோயில் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். செம்மோர், சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை புதுசா இருக்காது. ரப்பர் தோட்டமாக இருந்து, செம்பனையாகி, கடைசியில் தாமான் ஆன இடம். லயத்து ஆட்கள் எல்லாம் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அம்மனையும் வேறு நிலத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. பாலாலயம் செய்து சிலையைக் கொண்டு வந்தோம், சூலத்தைக் கொண்டு வந்தோம், மணியைக் கழற்றிக் கொண்டு வந்தோம். பழைய வேப்பமரத்தை மட்டும் கொண்டு வர முடியவில்லை. மூன்று தலைமுறை அந்த நிழலில் கூழ் குடித்தது. மண்வாரி வருவதற்கு முன்னால் ஒரு பெரியம்மா அந்த மரத்தடியில் தானாக முளைத்திருந்த ஐந்து கன்றுகளைப் பிடுங்கி, பாலிபேக்கில் வைத்து, தன் வீட்டுக் கொல்லையில் ஒன்றரை வருஷம் வளர்த்தார்.

வேப்பங்கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக முளைக்க வைக்க முடியாது. பழம் விழுந்த சில வாரங்களிலேயே அதன் உயிர் போய்விடும். மரமும் போயாச்சு. அந்த மரத்தின் வம்சம் என்று உலகத்தில் மிச்சமிருந்தது இந்த ஐந்துதான். நர்சரியில் 15 வெள்ளி, 20 வெள்ளி கொடுத்து வாங்கிவிடுகிற சாமான் இல்லை.

ஐந்தையும் நட்டோம். மூன்று செத்துவிட்டது. இரண்டு இருக்கிறது. இப்போது அந்த இரண்டையும் சுற்றி சிமெண்டு மேடை கட்டி டைல்ஸ் ஒட்டப் போவதாக நிர்வாகம் சொல்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த மூன்று எப்படிச் செத்தது என்று பார்ப்போம்.

தாமான் கட்டும்போது மேலே இருக்கிற கறுத்த மண்ணை வழித்து எடுத்துவிடுகிறார்கள். அடியில் இருக்கிற சிவப்புக் களிமண்தான் மிச்சம். அதையும் ரோலர் ஓட்டி இறுக்கிவிடுகிறார்கள். இந்த மாதிரி ஓரத்து நிலம்தான் நம்ம கோயிலுக்குக் கிடைக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலம்பிய இடமாக இருந்தால் கதை இன்னும் மோசம். ஒரு பக்கம் வெறும் மணல், பத்தடி தள்ளினால் ஈயக்குட்டையில் படிந்த வழுவழுப்பான சேற்றுக் களி. ஒரே கோயில் வளாகத்தில் இரண்டும் இருக்கும்.

களிமண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள், பிள்ளையார் பிடிக்கலாம். அந்த மண் தண்ணீரைச் சீக்கிரம் குடிக்காது, குடித்ததைச் சீக்கிரம் விடவும் செய்யாது. அதில் கடப்பாரை போட்டுக் குழி தோண்டினால், குழி இல்லை அது, பானை. பக்கச் சுவரெல்லாம் மண்வெட்டி பட்டு மெழுகின மாதிரி பளபளவென்று இருக்கும். அந்தப் பானைக்குள் மணலும் உரமும் கொட்டி, கன்றை வைத்து, தினமும் காலையும் மாலையும் ஒரு குடம் ஊற்றினால் தண்ணீர் எங்கே போகும்? எங்கேயும் போகாது. உள்ளேயே நிற்கும். வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் சின்னச் சின்ன இடுக்கில் இருக்கிற காற்றைத் தண்ணீர் வெளியே தள்ளிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். மற்ற மரமாவது கொஞ்ச நாள் தாங்கும். வேம்பு காய்ந்த சீமையில் பிறந்த மரம். வறட்சியைத் தாங்கும், காலடியில் நிற்கிற தண்ணீரைத் தாங்காது.

இப்போதுதான் கொடுமையே வருகிறது. வேர் அழுகின கன்றின் இலை எப்படித் தெரியும்? வாடித் தொங்கும். மஞ்சளாகிக் கொட்டும். தாகத்தில் வாடுகிற கன்று மாதிரியே இருக்கும். அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் மேலே தாகம், கீழே வெள்ளம். நம்ம ஆட்கள் பார்ப்பார்கள். "ஐயோ பாவம், வாடிப் போச்சே"ன்னு இன்னும் இரண்டு குடம். எங்கள் முதல் கன்று இப்படித்தான் போனது. பிடுங்கியபோது வேரில் சாக்கடை நாற்றம். அப்போதும் ஒருத்தர், "தண்ணி பத்தல, அதான்"னாரு. நான் என்ன சொல்ல?

இதை நான் சொன்னபோது ஒரு அண்ணன், "பக்தியோட ஊத்துறதுல கணக்கு என்னப்பா, கண்ணப்பர் வாய்த்தண்ணியே ஊத்தினாரே"ன்னாரு. நல்ல கேள்வி. கண்ணப்ப நாயனார் ஊற்றியது சிவலிங்கத்துக்கு. சிவலிங்கத்துக்கு வேர் அழுகாது. நாயன்மார் கதைதான் வேண்டுமென்றால் அப்பர் பெருமானைப் பாருங்கள். எந்தச் சிலையிலும் தோளில் உழவாரம் இருக்கும். புல் செதுக்குகிற கருவி. அவர் கோயில் கோயிலாகப் போய்க் குனிந்து தரையைப் பார்த்து வேலை செய்தவர். நாமும் உழவாரப் பணி என்றுதான் பேனர் போடுகிறோம், ஆனால் மண்ணைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை.

அடுத்து, புலனத்தில் வருகிற காணொளி. தமிழ்நாட்டில் கோவில்பட்டி, இராமநாதபுரம் பக்கம் யாரோ ஒரு நல்ல மனிதர், கன்றுக்குப் பக்கத்தில் ஓட்டைப் பானை புதைத்து தினமும் நிரப்பச் சொல்கிறார். அவர் ஊருக்கு அது சரி. தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் கீழே. ஈப்போவில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கேயும் கரிசல் இருக்கிறது, அதுவும் களிமண்தான். ஆனால் அங்கே மாதக்கணக்கில் மழை இல்லாமல் அந்த மண் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு வழியாகக் காற்று இறங்கும். அதனால் கரிசல் காட்டில் வேம்பு நிற்கிறது. நம்ம மண் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஊர் மாறினால் கணக்கும் மாறணும்.

"அப்ப தண்ணியே ஊத்த வேண்டாம், இங்கதான் தினமும் மழை பெய்யுதே"ன்னு இன்னொரு கோஷ்டி கிளம்பும். இரண்டாவது, மூன்றாவது கன்றைக் கொன்றது இவங்கதான். பேராக்கில் மழை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. சித்திரை, வைகாசியிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டும். தைப்பூசம் முடிந்து மாசி வரைக்கும் குறையும், ஆனி ஆடியிலும் குறையும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் சொல்லணுமா? கித்தா மரம் இலை கொட்டுகிற மாதம் எது? பால் குறைந்து பெரட்டில் கங்காணி முகம் சுளிக்கிற மாதம் எது? அதுதான் கன்றுக்கும் ஆபத்தான மாதம். எல் நினோ வருஷமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது. வடக்கே அவ்வளவு அடித்தால் நமக்கு மட்டும் குளுகுளு என்றா இருக்கும்?

இதில் இன்னொரு சூட்சுமம். நர்சரிக் கன்றின் பாலிபேக்கில் இருப்பது பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள், உமி மாதிரி லேசான கலவை. பெரியம்மா கன்றிலும் அதுதான் இருந்தது. அந்த உருண்டை சீக்கிரம் காயும். சுற்றியிருக்கும் களிமண் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் களி தன் ஈரத்தை அந்த உருண்டைக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. புதுசாக நட்ட கன்றின் வேர் முழுக்க அந்த உருண்டைக்குள்தான் இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. ஆகவே சுற்றிலும் ஈரம், கன்று மட்டும் தாகத்தில் சாகும். முதல் மாதம் மூழ்கிச் சாவு, நாலாவது மாதம் இப்படி ஒரு சாவு. இரண்டும் ஒரே குழியில் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி வாடல்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டு ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு அளவுக்கு உள்ளே விடுங்கள். ஒரு தடவை கன்றின் தண்டுக்குப் பக்கத்தில், அந்த உருண்டைக்குள். இன்னொரு தடவை ஒரு முழம் தள்ளி, களிமண்ணில். மண் கெட்டியாக இருந்தால் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுங்கள். ஈரமான களி ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அங்கே தண்ணீர் கிடையாது. அம்மன் மேல் ஆணையாகக் கிடையாது. உருண்டை மட்டும் காய்ந்திருந்தால் உருண்டைக்கு மட்டும், ஒரு சின்ன வாளியில் கொஞ்சமாக. இரண்டும் காய்ந்திருந்தால் ஒரு மீட்டர் உயரக் கன்றுக்கு ஒரு வாளி, 10 லிட்டர், அதையும் ஒரே மூச்சில் கவிழ்க்கக் கூடாது. காய்ந்து இறுகின களி முதலில் தண்ணீரை ஏற்காது, மேலேயே ஓடிவிடும். முதலில் ஒரு சொம்பு ஊற்றி மண்ணை இளக விடுங்கள். போய் ஒரு பிரதட்சணம் வந்து, மிச்சத்தை மெதுவாக விடுங்கள். ஆழமாக இறங்கணும். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலோட்டமாகவே இருக்கும், அடுத்த வறட்சியில் முதலில் சாவது அதுதான்.

நட்ட முதல் இரண்டு வாரம், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை விரல் வைத்துப் பார்க்கணும். அப்புறம் வாரம் ஒரு தடவை. வேர் வெளியே பரவப் பரவ, ஊற்றுகிற வட்டத்தையும் தண்டிலிருந்து தள்ளித் தள்ளிப் பெரிதாக்கணும். இரண்டு வறட்சி தாண்டிவிட்டால் வேம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அபிஷேகத் தண்ணீர் விஷயம். இது கொஞ்சம் சிக்கலானது, தெரிந்தேதான் பேசுகிறேன். கோமுகித் தண்ணீர் நந்தவனத்துக்குப் போவது நல்ல வழக்கம், அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பால், தயிர், சந்தனம், எண்ணெய், திருநீறு எல்லாம் கலந்த தண்ணீரைத் தினமும் ஒரே கன்றின் காலடியில் விட்டால், களிமண்ணின் மேல்பரப்பு ஆடை கட்டின மாதிரி மூடிக்கொள்ளும். எறும்பு வரும், நாற்றம் வரும். பெரிய மரம் தாங்கும். கன்று பச்சைக் குழந்தை. பால் கொடுக்கிறோம் என்று குழந்தையைப் பால் தொட்டியிலா போடுவோம்? வாய்க்காலைக் கொஞ்சம் நீட்டி வாழை, செம்பருத்தி பக்கம் திருப்பிவிடுங்கள். கன்றடியில் கற்பூரம் ஏற்றுவதையும், தண்டில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டுவதையும் ஐந்து வருஷம் தள்ளிப் போடுங்கள்.

ஆடித் திருவிழாவுக்குக் கன்றிலிருந்து கொத்துக் கொத்தாக வேப்பிலை ஒடித்தவர்களும் இந்தப் பதிவைப் படிக்கிறார்கள் என்று தெரியும். இரண்டு வயசுக் கன்று அது. இலைதான் அதன் சமையல்கட்டு. மழை குறைந்த ஆடி மாதத்தில் அதைப் பறித்தால் என்ன செய்யும்? கரகத்துக்கு வேண்டிய வேப்பிலையைச் சந்தையில் வாங்கலாம், இல்லை பெரிய மரம் வைத்திருக்கிற வீட்டில் கேட்டு வாங்கலாம்.

சரி, சிமெண்டு மேடை. தலைவரே, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் சேறு, வயசானவங்க வழுக்கி விழறாங்க, உபயகாரரும் தயாராக இருக்கிறார். ஆனால் களிமண் மேல் சிமெண்டு போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் ஓட்டை மட்டும் விட்டால், மேலே வடிகிற மழை எல்லாம் அந்த ஓட்டையில்தான் இறங்கும். மழைக்காலத்தில் கிணறு. வறட்சியில் நாம் ஊற்றுகிற ஒரு வாளி அந்த ஒரு சாணில் இறங்கித் தண்டடியிலேயே நிற்கும், வெளியே பரவுகிற வேருக்குச் சேராது. சேறுதான் பிரச்சினை என்றால் நடைபாதைக்கு மட்டும் கல் போடுங்கள், கன்றைச் சுற்றி இரண்டு மீட்டராவது வெறும் மண்ணாக விடுங்கள். அந்த மண் மேல் காய்ந்த சருகும் புல்லும் மூன்று விரல் கனத்துக்குப் போடலாம், தண்டைத் தொடாமல். சாத்துப்படி மாலையை அப்படியே கொட்ட வேண்டாம், நாரையும் பிளாஸ்டிக்கையும் உருவிவிட்டு மக்க வைத்துப் போடலாம்.

இது ஒன்றும் நான் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. 1877-இல் ஹியூ லோ கோலாகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக நிற்கிறது, போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு இந்த மாநிலம் பூராவும் ரப்பர் ஆனது யார் கையால்? நர்சரியில் கன்று வளர்த்து, மழை தொடங்கும் நேரம் பார்த்து நட்டு, கன்றைச் சுற்றிக் களை எடுத்து, வரிசைக்கு நடுவே கொடிச்செடி பரப்பி மண்ணைக் காய விடாமல் காத்தது நம்ம தாத்தா பாட்டி. துரைக்கு லட்சக்கணக்கில் மரம் வளர்த்துக் கொடுத்த சனம், அம்மனுக்கு இரண்டு கன்றைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி புதுசாக நடப் போகிற கோயில்களுக்கு ஒன்று. குழி தோண்டியதும் கன்றை இறக்காதீர்கள். ஒரு அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேம்புக்கு ஆகாது. மேடு கட்டி நடுங்கள், இல்லையென்றால் வேறு மரம் பாருங்கள். திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களில் நீர்த்தலம், அங்கே தலமரம் வெண்நாவல். நாவல் ஈரத்தைத் தாங்குகிற மரம். மதுரையில் கடம்பு. அந்த வகைதான் இங்கே நம்ம ரோட்டோரத்தில் தானாக முளைக்கிற கெலெம்பாயான். முருகனுக்கு உகந்த மரம் நம்ம மண்ணிலேயே இருக்கிறது, நாம்தான் அதைக் காட்டு மரம் என்று வெட்டுகிறோம். மகிழம்பூ மரத்தை இங்கே பூங்கா தஞ்சோங் என்பார்கள், எப்போதும் பச்சை, வாசத்துக்கு வாசம். இடத்தையும் ஈரத்தையும் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுப்பது சாஸ்திரக் குறைவு ஆகாது.

நடும்போது குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் பாலிபேக் உயரத்துக்கு மேல் வேண்டாம். குழிச் சுவரைக் கடப்பாரையால் கீறிவிடுங்கள், வேர் நுழையும். தோண்டிய அதே மண்ணையே பெரும்பாலும் திருப்பிப் போடுங்கள். கன்றின் கழுத்து தரைமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். நாளும் தைப்பூசக் கூட்டத்தைப் பார்த்து வைக்காமல், நவராத்திரி முடிந்த கையோடு வையுங்கள். மழை நம்ம வேலையில் பாதியைப் பார்த்துக்கொள்ளும். ஒய்பி வர முடியாவிட்டால் பரவாயில்லை, பால்குடம் எடுக்கிற ஒரு பிள்ளை கையால் நடுங்கள்.

"எல்லாரும் ஊத்துங்க" என்று அறிவிப்பதையும் நிறுத்தணும். எல்லார் பொறுப்பும் என்றால் முதல் மாதம் 20 பேர் ஊற்றுவார்கள், மாசியில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். ஒரு கன்றுக்கு ஒரு ஆள். மடப்பள்ளிச் சாவி மாதிரி ஒருத்தர் கையில் இருக்கட்டும். அவர் ஊருக்குப் போனால் யாரிடம் ஒப்படைக்கிறார் என்று சுவரில் எழுதி வைக்கட்டும். மற்றவர்கள் ஊற்ற ஆசைப்பட்டால் செம்பருத்திக்கு ஊற்றட்டும். புண்ணியத்தில் குறை வராது.

எங்கள் கோயில் அன்பர்களுக்கு: அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு ஆண்டுக்கூட்டம். மேடை விஷயம் நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் வராமல் அதற்கு முன்னாடியே வந்து கை தூக்குங்க. சிமெண்டு வேண்டாம், இரண்டு கன்றுக்கும் இரண்டு ஆள் பெயர் போட்டுக் கொடுங்கள் என்று நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஒரு கன்றைப் பெரியம்மாவே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், முட்டிவலியோடு. இன்னொன்றுக்கு இளைஞர் பகுதியில் யாராவது பெயர் கொடுங்க. கருத்துப் பகுதியில் எழுதினாலும் சரி, நேரில் சொன்னாலும் சரி. மூங்கில் குச்சி நான் வெட்டி வச்சிருக்கேன்.